ஊரடங்கில் கடை திறந்ததற்கான வழக்குகள்: மும்பைத் தமிழ் வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் பலர் 2020, 2021 ஆண்டுகளின் ஊரடங்கு வழக்குகளை இன்னும் முதுகில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பலருக்குத் தம் பெயரில் வழக்கு இருப்பதே தெரியாது. பாஸ்போர்ட் அலுவலகத்திலோ காவல் நிலையச் சரிபார்ப்பிலோ பெயர் சிக்கிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்காடுபவள் என்ற முறையில், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். பொதுவான சட்ட நிலையை இது சொல்லும். உங்கள் வழக்கின் காகிதங்களை ஒரு வழக்கறிஞர் நேரில் பார்த்தே ஆகவேண்டும்.

கடை திறந்ததற்கு என்னென்ன பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள்?

பெரும்பாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுதான். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த ஆணையை மீறுவது அதன்படி குற்றம். அதற்கு ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்த மீறல் மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியதாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். இதனுடன் நோய் பரவக் காரணமாகும் அலட்சியத்தைக் குறிக்கும் 269ஆம் பிரிவையும், சில இடங்களில் கெட்ட எண்ணத்தோடு நோயைப் பரப்புவதைக் குறிக்கும் 270ஆம் பிரிவையும் சேர்த்தார்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் பல முதல் தகவல் அறிக்கைகளில் இருக்கிறது. அதன்படி ஓராண்டு வரையிலும், உயிரிழப்போ உடனடி ஆபத்தோ நேர்ந்திருந்தால் இரண்டாண்டு வரையிலும் தண்டனை உண்டு.

இவற்றுக்குப் பின்னால் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம் நிற்கிறது. அது நம் பம்பாயில் பிறந்த சட்டம். 1896இல் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தென்பட்டு நகரமே காலியாகத் தொடங்கியபோது, வெள்ளைக்கார அரசு அவசர அவசரமாக இயற்றிய நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. ஆணையை மீறியவர் 188ஆம் பிரிவின்படி குற்றம் செய்தவராகக் கருதப்படுவார் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது என்று நான்காம் பிரிவு சொல்கிறது. கடை மூடப்பட்டவனுக்கு இழப்பீடு என்று அதில் ஒரு வரி கூட இல்லை. 123 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சட்டத்தை எடுத்து இட்லிக்கடைக்காரர் மீது வைத்தது எனக்கு இன்றும் மனத்தாங்கலாகவே இருக்கிறது.

புதிய சட்டங்கள் வந்துவிட்டனவே, பழைய வழக்கு தானாக ரத்தாகிவிடாதா?

ஆகாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முன் நடந்த செயலுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். இது உங்களுக்குச் சாதகமும்கூட. 188ஆம் பிரிவுக்கு ஈடான புதிய 223ஆம் பிரிவில், சாதாரண மீறலுக்கே ஆறு மாதம் வரை சிறையும் 2,500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தக் கூடுதல் தண்டனையை 2020ஆம் ஆண்டுச் செயலுக்கு யாரும் விதிக்க முடியாது.

அரசியலமைப்பு தரும் தொழில் செய்யும் உரிமையைச் சொல்லி வாதாடலாமா?

வாதாடலாம், ஆனால் அதை நம்பி வழக்கை நடத்தாதீர்கள் என்பதே என் கருத்து. 19ஆம் பிரிவு தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு, பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் எந்த நீதிபதியும் அந்தக் கட்டுப்பாட்டை எளிதில் நியாயமற்றது என்று சொல்லமாட்டார்.

தாராவியில் வாழ்ந்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும், எண்பது பேருக்கு ஒரே கழிப்பறை இருக்கும் ஓர் இடத்தில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று நாடே அஞ்சியது. வீடுவீடாகப் பரிசோதனை செய்து, தனிமைப்படுத்தி, கட்டுப்பாடுகளையும் காத்ததால்தான் நோய் அடங்கியது. அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதனால் ஊரடங்கே தவறு என்று நான் யாருக்காக வாதாடுகிறேனோ அவர்கள் எவரையும் நீதிமன்றத்தில் சொல்ல விடுவதில்லை. வயிற்றுக்காகக் கடை திறந்தவரை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு சட்டப்படி போடப்பட்டதா என்று மட்டுமே கேட்கிறேன். பெரும்பாலான வழக்குகள் இந்தக் கேள்வியிலேயே தள்ளாடிவிடுகின்றன.

அப்படி என்ன குறை அந்த வழக்குகளில்?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தற்காப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

188ஆம் பிரிவின் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டுமானால், ஆணையைப் பிறப்பித்த அரசு ஊழியரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ எழுத்து வடிவில் நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. காவல் நிலையம் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை அந்தப் புகாருக்கு ஈடாகாது. தமிழர்கள் யாரும் மறக்காத தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில், மூன்று கல்லூரி மாணவியர் எரிந்து இறந்த அந்தக் கொடிய வழக்கில்கூட, 2010இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை விட்டுக்கொடுக்கவில்லை. 195ஆம் பிரிவைப் பின்பற்றாவிட்டால் 188ஆம் பிரிவின் கீழான நடவடிக்கை செல்லாது என்று அதில் தெளிவாகச் சொன்னது. 2018 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, 188ஆம் பிரிவுக்காகக் காவல்துறை முதல் தகவல் அறிக்கையே பதியக்கூடாது என்று நெறிமுறைகள் வகுத்தது. சென்னைத் தீர்ப்பு மும்பை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டி வாதிடலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்போ எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

அதேபோல, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் உரிய அதிகாரியின் புகாரோ, முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்தவரின் புகாரோ இல்லாமல் வழக்கை ஏற்கக்கூடாது என்கிறது. ஆக, முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோப்பில் அந்தப் புகார் இருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. ஆணையை மீறினார் என்பது மட்டும் 188ஆம் பிரிவுக்குப் போதாது. ஆணை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மீறலால் இடையூறோ ஆபத்தோ ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்படும் நிலை இருந்திருக்க வேண்டும். மும்பையில் ஆணைகள் எத்தனை முறை மாறின என்பதை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 5 முதல் சாலையின் ஒரு பக்கக் கடைகள் ஒரு நாளும் மறுபக்கக் கடைகள் மறுநாளும் திறக்கலாம் என்றார்கள். 2021 ஏப்ரல் தொடக்கத்தில், வார இறுதியில் மட்டும்தான் அடைப்பு என்று நினைத்திருந்த வணிகர்கள், அத்தியாவசியமல்லாத கடைகள் எல்லா நாளும் மூடப்படும் என்று ஆணையைப் படித்த பிறகே அறிந்தார்கள். அதே மாதம் 20ஆம் தேதி இரவு முதல் மளிகைக் கடைகளுக்குக் காலை 7 மணி முதல் 11 மணி வரை என்று நேரம் சுருங்கியது. எந்தத் தேதியில் எந்த ஆணை இருந்தது என்பதை முதல் தகவல் அறிக்கையின் தேதியோடு வைத்துப் பார்த்தால், திறக்க அனுமதிக்கப்பட்ட நேரத்திலேயே திறந்திருந்தவர்களும் மாட்டியிருப்பது சில சமயம் தெரியவரும்.

நோய் பரப்பியதாக 269ஆம் பிரிவும் போட்டிருக்கிறார்கள். அதற்கும் 195 பொருந்துமா?

பொருந்தாது, 195ஆம் பிரிவின் பாதுகாப்பு 188 வரைதான் எட்டும். ஆனால் 269க்கும் 270க்கும் ஆதாரம் வேண்டும். 2020 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, எட்டு மியான்மர் நாட்டவர் மீதான ஊரடங்கு மீறல் வழக்கை ரத்து செய்தது. அவர்கள் நோயைப் பரப்பக்கூடிய செயல் எதையும் செய்ததாகக் காட்ட எந்த ஆவணமும் இல்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. நம் மாநிலத்து உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் இது மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் எடைபோடும். அன்றைக்கு உங்களுக்குத் தொற்று இல்லை என்பதற்கான பரிசோதனைத் தாள் ஏதேனும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

முதல் தகவல் அறிக்கை மராத்தியில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

ஒரு தையற்காரரின் வழக்கைச் சொல்கிறேன். 2021 ஏப்ரல். சித்திரையில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கான ரவிக்கைகள் தைத்து முடிந்து, மூடிய கடைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. பெண் வீட்டார் தொலைபேசியில் கெஞ்சியதால் அவர் ஷட்டரை இடுப்பளவுக்கு உயர்த்தி, குனிந்தபடியே பொட்டலத்தை வெளியே நீட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதை அபராதச் சீட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவர் மகள் அந்தத் தாளின் நகலோடு என்னிடம் வந்தாள். பஞ்சநாமாவில் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் காவலர் எழுதும் குறிப்பில்) "எட்டுப் பத்து வாடிக்கையாளர்களைக் கூட்டிவைத்து வியாபாரம் செய்தார்" என்று எழுதி, அடியில் "வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது" என்ற வழக்கமான மராத்தி வரிக்குக் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. கோப்பிலேயே இணைக்கப்பட்டிருந்த புகைப்படத்தில் தெரிந்தது கழுத்தில் அளவு நாடாவோடு ஓர் ஆணும், வெளியே ஒரே ஒரு பெண்ணும்தான். நான் படித்துச் சொன்னபோது அந்தப் பெரியவர், "அம்மா, நான் ஒருத்திக்குத்தானே கொடுத்தேன், எட்டுப் பேர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியின் எழுத்துப் புகாரும் கோப்பில் இல்லை, புகைப்படமே பஞ்சநாமாவைப் பொய்யாக்கியது, வழக்கு நிற்கவில்லை.

ஆகவே, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே, "எனக்கு மராத்தி படிக்கத் தெரியாது, உள்ளடக்கம் எனக்குத் தெரியவில்லை" என்று உங்கள் கைப்படத் தமிழிலேயே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்கும். 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்குத்தான் விலக்கு.

என் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ மும்பை நீதிமன்றங்களைத் தேர்ந்தெடுத்துப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துகள் மாறுவதால், முருகன் என்ற பெயரைக்கூட நான்கு விதமாகப் போட்டுத் தேடிப் பாருங்கள். தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி இருப்பதும் வழக்கம். காவல் நிலையத்துக்கு நேரில் சென்றும் கேட்கலாம், ஆனால் வழக்கறிஞரோடு செல்வது நல்லது.

அழைப்பாணை வரவே இல்லை. வீடு மாறிவிட்டேன், இடையில் ஊருக்கும் போய்விட்டேன். கைது செய்வார்களா?

பலருக்கு நடப்பது இதுதான். ஊரடங்கில் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் போனவர்கள் ஓராண்டு கழித்துத் திரும்பிவந்து வேறு சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) குடியேறினார்கள். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியது. நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. காவலர் கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல் நீங்களே நீதிமன்றத்தில் முன்னிலையாகி, முகவரி மாறிய விவரத்தைச் சான்றோடு சொல்லி, பிடியாணையை ரத்து செய்யுமாறு மனுச் செய்ய வேண்டும். தானாக வருபவரை நீதிமன்றங்கள் பொதுவாகக் கடுமையாக நடத்துவதில்லை. 188, 269, 270 மூன்றுமே பிணையில் விடத்தக்க குற்றங்கள். பிணை இங்கே உங்கள் உரிமை.

கடை திறந்ததற்காக இப்படி அடிப்பார்களா, கொல்வார்களா என்று சாத்தான்குளத்துக்குப் பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்தை நான் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் வாழும் நகரம் இது. 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலையில் தந்தையும் இறந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது, மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. சில நூறு ரூபாய் அபராதத்தில் முடியக்கூடிய ஒரு குற்றச்சாட்டுக்கு இரண்டு உயிர்கள் போயின.

உங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் காப்புகளைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பவை 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுக்கப்பட்டவை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட், "அடித்தார்களா?" என்று கேட்கும்போது, அடித்திருந்தால் ஆமாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். அங்கே மௌனமாக இருந்துவிட்டால் பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்கு நடத்தலாமா? காலவரம்பு இல்லையா?

இருக்கிறது. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரை தண்டனை உள்ளதற்கு மூன்றாண்டுக்குள்ளும் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு. 188க்கும் 269க்கும் ஓராண்டுதான். தாக்கல் செய்த தேதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சாரா மேத்யூ என்ற சென்னை வழக்கில் 2013இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியைப் பாருங்கள், நீதிமன்றம் அழைத்த தேதியை அல்ல.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. நோய்க்காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்ததை அரசுத் தரப்பு சுட்டிக்காட்டக்கூடும். அப்படிக் கணக்கிட்டாலும் ஓராண்டு வரம்பு 2023 பிப்ரவரியோடு முடிந்துவிடும். இரண்டாவது, 270ஆம் பிரிவைச் சேர்த்திருந்தால் அதன் தண்டனை இரண்டாண்டு என்பதால் வழக்கு முழுவதற்கும் மூன்றாண்டு வரம்பாகிவிடும். எந்த ஆதாரமும் இல்லாமல் 270 ஏன் சேர்க்கப்பட்டது என்ற கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் இது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அரசே வழக்குகளைத் திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொல்கிறார்களே?

இதில் இரண்டு மாநிலங்களின் செய்தியும் கலந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். அது தமிழ்நாட்டில் பதிவான வழக்குகளுக்கு மட்டும். மகாராஷ்டிரத்தில் 2022 மார்ச் இறுதியில் அன்றைய உள்துறை அமைச்சர் திலீப் வல்சே பாட்டீல், மாணவர்கள் மீதும் குடிமக்கள் மீதும் 188ஆம் பிரிவின் கீழ் பதிவான வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார்.

அமைச்சர் அறிவித்ததாலேயே வழக்கு முடிந்துவிடாது. அரசு வழக்கறிஞர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி மனுச் செய்ய வேண்டும், நீதிமன்றம் அதற்கு இசைய வேண்டும். "அண்ணாச்சி, அதெல்லாம் எடுத்துட்டாங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை நம்பி நீதிமன்றத்துக்குப் போகாமல் விட்டவர்கள் மீதுதான் பிடியாணைகள் வந்தன. உங்கள் வழக்கில் இறுதி ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சான்றிட்ட நகலை வாங்கிக் கடை உரிமத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்கிறார் வேறொரு வக்கீல். சரிதானே?

அவசரப்படாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு 200 ரூபாய் கட்டுவது ஒரே நாளில் முடியும், அதனால் இழுபறியில் சலித்தவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அது ஒரு தண்டனைத் தீர்ப்பு. பிற்காலத்தில் "எப்போதாவது குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டதுண்டா?" என்று எந்தப் படிவம் கேட்டாலும் ஆம் என்று எழுத வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக் கடைக்காரருக்கு அது பெரிய பாதிப்பில்லாமல் போகலாம். அப்பா ஊருக்குப் போயிருந்தபோது கல்லாவில் உட்கார்ந்த இருபது வயது மகனுக்கு அப்படியல்ல. ஒப்புக்கொள்வதென்றே முடிவெடுத்தாலும், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி எச்சரித்து விடுமாறு கேளுங்கள். முதல் குற்றமாகவும் இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரியதாகவும் இருந்தால் நீதிபதி அப்படிச் செய்யலாம். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பிலிருந்தும் காக்கிறது.

வளைகுடா வேலைக்கு மகன் போகவேண்டும். இந்த வழக்கால் பாஸ்போர்ட் கிடைக்காதா?

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, நீதிமன்றம் வழக்கை இன்னும் ஏற்காதிருந்தால், அது பாஸ்போர்ட் சட்டத்தின்படி நிலுவை வழக்கு ஆகாது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தால், அதே நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனுச் செய்து, அந்த ஆணையைக் காட்டிப் பாஸ்போர்ட் பெறலாம். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைப்பதே தனிக் குற்றம். வெளிநாட்டு முதலாளி கேட்கும் காவல்துறைச் சான்றிதழ் வேறு விஷயம். அதற்கு வழக்கு முடிந்த ஆணையே சிறந்த மருந்து.

அந்த இடத்திலேயே அபராதம் வாங்கினார்கள். பாவ்தி (ரசீது) தரவில்லை.

பாவ்தி இல்லாத பணம் அபராதமே அல்ல. மாநகராட்சி முகக்கவசத்துக்கு 200 ரூபாய் வசூலித்தபோதும் பாவ்தி கொடுத்தது. 2021 நவம்பர் 27ஆம் தேதி மாநில அரசின் ஆணை, வாடிக்கையாளர் விதியை மீறினால் கடைக்கு 10,000 ரூபாயும், கடையே மீறினால் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாயும் என்று நிர்ணயித்தது. ஒரு மாத வாடகையே 15,000 ரூபாய் கொடுக்கும் கடைக்கும் பெரிய வணிக வளாகத்துக்கும் ஒரே தொகையை எழுதியதில் அளவு தவறிவிட்டது என்பேன். அப்படிக் கட்டியவர்கள் பாவ்தியைத் தொலைத்துவிட வேண்டாம். அதே நாளின் அதே செயலுக்கு வழக்கும் இருந்தால், கட்டிய தொகையை நீதிபதியிடம் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம்.

குமாஸ்தா உரிமத்தை (கடைப் பதிவை) ரத்து செய்துவிடுவார்களா?

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு 2017ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி பதிவே தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். எனவே 188 வழக்கைக் காட்டி அதை ரத்து செய்ய வழியில்லை. உணவுக்கடைக்கான மாநகராட்சி உரிமம் தனி. அதில் நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள்.

நடைபாதையில் இட்லி விற்பவள் நான். பாத்திரத்தோடு எடுத்துப் போய்விட்டார்கள். கேட்க முடியுமா?

முடியும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தரவேண்டும் என்கிறது. கெடக்கூடிய பொருளை, கேட்ட அன்றைக்கே திருப்பித் தரவேண்டும், கெடாத பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாவு ஊற்றி, அடுக்குப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து வரும் பெண்களிடம் யாரும் இந்தச் சட்டத்தைச் சொன்னதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்பதும் 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியோடு மட்டுமே செய்யலாம்.

அமெரிக்காவில் கடைக்காரர்கள் எதிர்த்து நின்று வென்றார்களாமே, நாம் ஏன் பணிய வேண்டும்?

இளைஞர்கள் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் அழகு நிலையம் நடத்திய ஷெல்லி லூதர், மூடச் சொன்ன நீதிமன்ற ஆணைக்குப் பிறகும் கடையைத் திறந்தார். 2020 மே 5 அன்று ஏழு நாள் சிறையும் 7,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டு, மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் இரண்டு நாளில் வெளியே வந்தார். அவர் சிறை சென்றது நீதிமன்ற அவமதிப்புக்காக. அவருக்காக மாநில ஆளுநரே தம் ஆணையைத் திருத்தினார், பணமும் குவிந்தது. அங்கே ஆட்சியின் தலைமையே அவர் பக்கம் நின்றது. இங்கே ஷட்டருக்குப் பின்னால் தனியாக நிற்கும் உங்களுக்காக எந்த முதல்வரும் ஆணையைத் திருத்தப் போவதில்லை.

எதிர்க்கத்தான் வேண்டுமானால் சேர்ந்து, எழுத்தில் எதிர்க்கலாம். 2021 ஏப்ரலில் மும்பையின் சில்லறை வணிகர் சங்கங்கள் தெருவில் பதாகை பிடித்தன, அமைச்சர்களைச் சந்தித்தன. ஆகஸ்டில் கடை நேரம் இரவு பத்து மணி வரை நீண்டதில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உயர்நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை ரத்து செய்யலாமா?

செய்யலாம். முன்பு பழைய நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவு. ஒரே தெருவில் ஒரே நாளில் பதிவான வழக்குகள் இருந்தால் செலவைப் பகிர்ந்துகொண்டு போகலாம். தனியாளாக இருந்தால், 195ஆம் பிரிவையும் காலவரம்பையும் சொல்லி மாஜிஸ்திரேட் முன்பே விடுவிக்கக் கேட்பது செலவு குறைந்த வழி.

உங்களிடமோ வேறு வழக்கறிஞரிடமோ வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

முதல் தகவல் அறிக்கை எண், கிடைத்தால் அதன் நகல், வந்த எல்லா அழைப்பாணைகளும், குமாஸ்தா தாள், அன்றைய மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், கைப்பேசியில் அந்த நாளின் புகைப்படமோ செய்தியோ இருந்தால் அதுவும். அன்று என்ன நடந்தது என்பதை வருவதற்கு முந்தைய இரவே ஒரு தாளில் தமிழில் எழுதிவிடுங்கள்: எத்தனை மணி, ஷட்டர் எவ்வளவு உயரம், உள்ளே யார், வெளியே யார், காவலர் என்ன கேட்டார், நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் தையற்காரரின் மகள் அப்படி எழுதிக்கொண்டு வந்த ஒன்றரைப் பக்கத்தில், "அப்பா பொட்டலத்தைக் கொடுத்தார், காசு கூட வாங்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. நான் வாதத்தை அந்த வரியிலிருந்துதான் தொடங்கினேன்.